கடன் வாங்காத பெருநாள்: வீட்டிலேயே துணி, தம்மடை, தோரணம்



நோன்பு பாதி கழிந்ததும் நம் அறக்கட்டளைக்குக் கைமாற்று கேட்டு வரும் சகோதரிகள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு ரெடிமேட் துணி, வீட்டுக்கு வருபவர்களுக்குப் பலகாரம், வாசலுக்குக் கொஞ்சம் அலங்காரம். இங்கே கிடைக்காதபோது வாரக் குழுவுக்கோ வட்டிக்காரரிடமோ போகிறார்கள். பத்தாயிரம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 300 ரூபாய். ஒரு வருடத்தில் 3,600 ரூபாய் கொடுத்த பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். அடுத்த பெருநாளும் வந்துவிடும்.

வட்டி ஹராம் என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. பிள்ளைகளின் முகம் வாடக் கூடாதே என்று தெரிந்தேதான் சிக்குகிறோம். அதனால் இந்த இதழில் உபதேசம் செய்யப் போவதில்லை. மேலே சொன்ன மூன்று செலவுகளில் எதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், எப்படிச் செய்வது என்பதை மட்டும் பார்ப்போம்.

தையல் தெரியாதே என்று தயங்குபவர்கள் முதலில் தொழுகைத் துப்பட்டியில் கை வைக்கலாம். சுடிதார், பிளவுஸ் போல அளவு பிசகினால் கெட்டுப்போகிற உடை அல்ல அது. கையில்லை, கழுத்தில்லை. ஒரு வளைவு வெட்டு, ஒரு நேர்த்தையல், ஓரம் மடிப்பது, அவ்வளவுதான்.

44 அங்குல அகலமுள்ள பாப்ளின் அல்லது மல் துணி இரண்டேகால் மீட்டர் வேண்டும். கடையிலேயே துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பின்னால் வைத்த கை தெரிந்தால் அது துப்பட்டிக்கு ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெட்டிவிடாதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நீளம் போய்விடும்.

துணியின் நீளத்தைச் சரிபாதியாக மடித்துத் தரையில் விரியுங்கள். இப்போது ஏறக்குறைய 44 அங்குலச் சதுரம் இருக்கும். ஒரு பக்கம் மடிப்பு, மற்ற பக்கங்கள் திறந்திருக்கும். மடிப்பின் மேல் மூலைதான் நெற்றி வரும் இடம். ஒரு நூலின் ஒரு முனையில் சாக்பீஸைக் கட்டி, 42 அங்குலம் விட்டு, மறுமுனையை அந்த மூலையில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலை விறைப்பாக வைத்து ஒரு கால் வட்டம் இழுத்து, கோட்டின் மேல் வெட்டுங்கள். விரித்தால் அரை வட்டம்.

அடுத்தது முகம். நெற்றியில் தொடங்கித் தாடைக்குக் கீழ் சென்று மீண்டும் நெற்றிக்கு வரும்படி டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பலருக்கு 22 முதல் 24 அங்குலம் வரும். அதில் பாதியை எடுத்துக்கொண்டு, துணியை மடித்தபடியே வைத்து, மூலையிலிருந்து மேல் ஓரத்தில் அளந்து புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து ஓரம் முடியும்வரை இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் முன்பக்கம் மூடிவிடும். தைக்காமல் விட்ட இடம் முகத்துக்கு. முதல் தடவை அரை அங்குலம் குறைத்தே திறப்பு விடுங்கள். இறுக்கமாக இருந்தால் இரண்டு தையலைப் பிரித்துவிடலாம். தளர்ந்துவிட்டால் ருகூவுக்குக் குனியும்போதெல்லாம் நெற்றியைவிட்டு நழுவும். தாடைக்குக் கீழே தையல் தொடங்கும் இடத்தில் இழுப்பு அதிகம் என்பதால், அங்கே இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள்.

கீழ் வளைவை நேராக மடித்தால் துணி சுருக்கிக்கொள்ளும். ஓரத்தில் தளர்வாக ஒரு ஓட்டுத்தையல் போட்டு லேசாக இழுத்துக்கொண்டு, பிறகு கால் அங்குலமாக மடித்துத் தைத்தால் படிந்து வரும். மெஷின் இல்லாதவர்கள் முன்பக்க நேர்த்தையலுக்குப் பின்தையலும் ஓரத்துக்கு ஹெம்மிங்கும் போடலாம். மூலைகளில் மிஞ்சும் துண்டுகளில் சிறு பையனுக்கு ஒரு தொப்பி கிடைக்கும். பயமாக இருந்தால் முதலில் ஒரு பழைய பருத்திச் சேலையில் வெட்டிப் பழகுங்கள். பழகுவதற்கென்று வெட்டிய துப்பட்டியையே பல வீடுகளில் நல்ல துப்பட்டியாக உபயோகிக்கிறார்கள்.

துப்பட்டி கைக்கு வந்துவிட்டால் பெண் பிள்ளைகளின் பாவாடை கஷ்டமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கீழே மூன்று அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைத்தால் அடுத்த பெருநாளுக்கும் அவிழ்த்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். ரெடிமேட் துணியில் இந்த இடம் இருப்பதே இல்லை.

ஊசி நூல் வேலை வசதியில்லாதவர்களுக்கு உரியது என்று ஒரு எண்ணம் நம்மிடம் எப்படியோ வந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள். நபியவர்களுக்குப் பிறகு மனைவியரில் முதலில் வஃபாத்தானவர்களும் அவர்களே. நீண்ட கையுடையவர் தம்மை முதலில் வந்தடைவார் என்று நபியவர்கள் முன்பே சொல்லியிருந்ததன் பொருள், கொடுக்கும் கை என்பது அப்போதுதான் மற்ற அன்னையருக்குப் புரிந்தது.

இனி பலகாரம். நம் ஊரில் கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கேக் வரும். பெருநாளுக்கு நாமும் கேக் கொடுக்க வேண்டுமென்று சிலர் பேக்கரியில் ஆர்டர் கொடுக்கிறார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கென்றே அடுப்பில் சுட்டெடுக்கும் ஒரு பலகாரம் பல காலமாக இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் செய்யும் தம்மடைதான் அது. பிரியாணிக்குத் தம் போடுவதுபோல, சட்டிக்குக் கீழேயும் நெருப்பு, மூடியின் மேலேயும் கங்கு போட்டுச் சுடுவதால் அந்தப் பெயர். ஓவன் வேண்டியதில்லை. அதில் சேரும் முந்திரியோ நம் ஊர்ப் பக்கத்தில் விளைவது. முழுப் பருப்பு வாங்க வேண்டாம். உடைந்த பருப்பு விலை குறைவு, ருசி ஒன்றுதான்.

எட்டு அங்குலத் தட்டுக்கு: ரவை 250 கிராம், சீனி 250 கிராம், முட்டை 4, நெய் 100 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 200 மில்லி, முந்திரி ஒரு கைப்பிடி, ஏலக்காய் ஐந்தாறு, உப்பு ஒரு சிட்டிகை. எசன்ஸ் எதுவும் தேவையில்லை. நெய்யில் முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையை நிறம் மாறாமல் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்து, தேங்காய்ப்பால், ஏலப்பொடி, உப்பு, ரவை சேர்த்துக் கலக்கி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். ஆறாத ரவையைக் கொட்டினால் முட்டை வெந்து திரிதிரியாகிவிடும். ஊறவைக்காவிட்டால் ரவை அடியில் படிந்து, மேலே முட்டை தனியாக நிற்கும். தம்மடை கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

கனமான பழைய அலுமினியக் குண்டானில் ஓர் அங்குல உயரத்துக்கு மணல் அல்லது கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் காயவிடுங்கள். நெய் தடவிய தட்டில் மாவை முக்கால் பாகத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, முந்திரியைத் தூவி உள்ளே இறக்குங்கள். சிறு தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். சிலர் பிரஷர் குக்கரில் வைக்கிறார்கள். அப்படியானால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் காயும் குக்கரில் ரப்பர் கருகிவிடும். தினம் சோறு வைக்கும் குக்கரை இதற்கு எடுக்காமலிருப்பது நல்லது.

கேஸ் அடுப்பில் அடிப்பக்கம் சிவக்கும், மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். மேலேயும் சிவக்க வேண்டுமானால் கடைசிப் பதினைந்து நிமிடம் தட்டையான இரும்பு மூடியின் மேல் கொட்டாங்குச்சிக் கங்கு பரப்ப வேண்டும். இதை முற்றத்தில் மட்டும் செய்யுங்கள். அடைத்த சமையலறையில் கரி எரிந்தால் வரும் நச்சு வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. முழுக்க ஆறிய பிறகே துண்டு போட வேண்டும்.

அலங்காரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெய்லர் கடைகளில் வெட்டுத்துணி சும்மாவே கிடைக்கும். ஆறு அங்குல முக்கோணங்களாக வெட்டி, ஒரு நாடாவில் நான்கு அங்குல இடைவெளியில் தைத்தால் தோரணம். மடித்து வைத்தால் வருடா வருடம் எடுக்கலாம். பிளாஸ்டிக் கொடிகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, கடையில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சீரியல் விளக்கில் டேப் சுற்றாத ஒட்டு இருந்தால் அதைத் துணித் தோரணத்தோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

உருவப் படம் போட்ட திரைச்சீலை வீட்டில் கிடக்கிறது, என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு ஹதீஸிலேயே வழி இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) தொங்கவிட்டிருந்த உருவத் திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அன்னையவர்கள் அதை எறிந்துவிடவில்லை, வெட்டிச் சாய்ந்துகொள்ளும் மெத்தைகளாக ஆக்கிக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இருக்கிறது. பழைய திரை, பழைய சேலை எதுவானாலும் இரண்டு தலையணை உறைக்குத் துணி தேறும்.

நன்றாகத் தைக்கப் பழகி, மெஷின் வாங்க வழியில்லாத சகோதரிகள் சமூகநலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கான திட்டம் இது. வயது 20 முதல் 40 வரை. தையல் பயின்ற சான்றிதழும் வருமானச் சான்றும் வேண்டும். விண்ணப்பத்தை அரியலூர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தம்மடை செய்து விற்க நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக நேரக் கணக்கு. தையலையும் தோரணத்தையும் ஷஃபான் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். நோன்பின் கடைசிப் பத்து இரவுகள் மெஷின் முன்னால் உட்காருவதற்கு உரியவை அல்ல. ரவையை மட்டும் 29-ஆம் நோன்பன்று பகலில் வறுத்து ஆறவைத்துக்கொள்ளலாம். பிறை தெரிந்தால் அன்றிரவே கலக்கிவிடலாம். தெரியாவிட்டால் டப்பாவில் மூடி வையுங்கள், மறுநாளைக்கும் கெடாது.