உங்களுக்குத் தெரியுமா? ஸ்பூனின் முதுகில் ஒரு சரித்திரம்!

பரணில் பழைய ஸ்பூன் கிடக்கிறதா? வெள்ளறடை ஆக்கர் கடைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பூ, கொடி, திராட்சைக் குலை. பின்பக்கம் பொடிப்பொடி எழுத்து. ஜாதகமே அங்கேதான்!

அமெரிக்கப் பழைய ஸ்பூன்களில் அடிக்கடி கண்ணில் படுவது '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' முத்திரை. 1847-ல் செய்தது என்று துள்ளாதீர்கள்! அந்த எண் கம்பெனிப் பெயரோடு ஒட்டிப் பிறந்தது. 1950-ல் செய்த ஸ்பூனிலும் அதே 1847-தான்!

வில்லியம், ஏசா, சிமியோன். மூவரும் ரோஜர்ஸ் அண்ணன் தம்பிகள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் மின்முலாம் பூசிய ஸ்பூன் வியாபாரம் தொடங்கிய ஆண்டு 1847. ஆனால் அந்த எண்ணை முத்திரையில் சேர்த்து அடித்தது அவர்கள் இல்லை. மெரிடன் பிரிட்டானியா என்ற வேறொரு கம்பெனி, அதுவும் 1862-ல்!

ரோஜர்ஸ் பெயருக்கு அப்படி ஒரு கிராக்கி. ரோஜர்ஸ் அண்ட் பிரதர், வில்லியம் ரோஜர்ஸ் மேனுஃபாக்சரிங், சி. ரோஜர்ஸ் அண்ட் பிரதர்ஸ்... ஆளாளுக்கு ஒரு ரோஜர்ஸ். இவர்களில் வில்லியம் ஏ. ரோஜர்ஸ் என்பவர் நியூயார்க்காரர். அந்த மூன்று சகோதரர்களுக்கும் அவருக்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பெயர் மட்டும் பொருந்தியது, பிழைப்பு ஓடியது!

அப்படியானால் எந்த ரோஜர்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சின்னத்தைப் பாருங்கள்! நம் ஊர்த் தேர்தல் சின்னம் மாதிரியேதான். நங்கூரமா? வில்லியம் ரோஜர்ஸ் மேனுஃபாக்சரிங். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் மட்டுமா? ரோஜர்ஸ் அண்ட் பிரதர். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் நட்சத்திரமா? சிம்ப்சன் ஹால் மில்லர் கம்பெனியின் வில்லியம் ரோஜர்ஸ். குதிரை லாடமா? அதுதான் சொந்தமில்லாத வில்லியம் ஏ.!

இத்தனை போட்டி போட்டவர்களில் பலர் 1898-ல் ஒரே கம்பெனிக்குள் போய்விட்டார்கள். பெயர் இன்டர்நேஷனல் சில்வர். தலைமையிடம் மெரிடன். அந்த ஊருக்கே 'வெள்ளி நகரம்' என்று பட்டப்பெயர். முதலாளி ஒன்று, முத்திரை மட்டும் பழையபடி பல. வாங்குபவர் பாவம், வேறு வேறு கம்பெனி என்றே நினைத்து வாங்கினார்!

லாடக்காரரும் தப்பவில்லை. 1929-ல் அவர் கம்பெனியை வாங்கியது ஒனைடா.

ஒனைடாவா? நான் சேர்த்துவைத்ததிலேயே ஆகச் சிறந்த கதை இதுதான்! நியூயார்க் மாநிலத்தில் 1848-ல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் என்ற மதபோதகர் தொடங்கிய கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பு அது. அங்கே யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. தனிப் புருஷன் பெண்டாட்டியும் கிடையாது! எல்லாரும் எல்லாருக்கும் கணவன் மனைவி என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கூட்டம்தான் பின்னாளில் அமெரிக்கக் கல்யாணங்களுக்கெல்லாம் ஸ்பூன் செட் விற்றது!

ஸ்பூனுக்கு முன்னால் அவர்களுக்குச் சோறு போட்டது எது? மிருகங்களைப் பிடிக்கும் இரும்புப் பொறி! ஸ்பூன் செய்ய இறங்கியது 1877-ல்தான்.

1881 ஜனவரி 1. கூட்டுவாழ்க்கை முடிந்தது, பங்குக் கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு ஜூலை 2. அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். அவன் பெயர் சார்லஸ் கிட்டோ. அதற்கு முன் பல ஆண்டுகள் அவன் குடியிருந்த இடம் எது தெரியுமா? ஒனைடா!

ஒனைடாவின் பிரபல முத்திரை 'கம்யூனிட்டி பிளேட்'. பாத்திரத்தின் முதுகில் அந்தப் பெயரைப் பார்த்தால் இனிமேல் வேறு மாதிரிதான் பார்ப்பீர்கள்!

சரி, அந்த ஸ்பூனில் வெள்ளி எவ்வளவு? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஏ 1' என்று அடித்திருந்தால், 144 டீ ஸ்பூனுக்கும் சேர்த்து 2 டிராய் அவுன்ஸ், அதாவது 62 கிராம். ஒரு ஸ்பூனுக்குப் பங்கு பிரித்தால் 0.43 கிராம்!

அரை கிராம்கூட இல்லையே என்கிறீர்களா? நம் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்தின் எடையும் அரை கிராம் தேறாது! பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சந்தைகளில் தாத்தாக்கள் எண்ணிக் கொடுத்த காசு. கையில் நிற்காத அளவுக்குப் பொடிசு. அதனாலேயே குழி வெட்டிய பலகையில் கொட்டி, குலுக்கி, எண்ணினார்கள். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஒரு சக்கரத்து வெள்ளியை ஒரு முழு ஸ்பூனுக்குப் பூசிவிட்டான் அமெரிக்கன்!

'குவாட்ரபிள் பிளேட்' என்றால்? நாலு மடங்கு. 144 ஸ்பூனுக்கு 8 அவுன்ஸ். அப்போதும் ஒரு ஸ்பூனுக்கு 1.7 கிராம்தான்!

ஸ்பூனில் முதலில் தேய்வது எந்த இடம்? மேஜையில் உட்காரும் குழியின் அடிப்பக்கம். ஹோம்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தில் பள்ளம் வெட்டி, அசல் வெள்ளித் துண்டைப் பதித்து, அதன் மேல் முலாம் பூசினார்கள். கெட்டிக்காரர்கள்!

முலாமுக்கு உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலும் நிக்கல் சில்வர். நம் கடைகளில் அதற்குப் பெயர் ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. அதில் வெள்ளி எத்தனை சதவீதம் தெரியுமா? பூஜ்யம்! இன்றைக்கு நவராத்திரிக்கு வாங்கிக் குவிக்கிறோமே ஜெர்மன் சில்வர் தட்டு, அதிலும் அதே பூஜ்யம்!

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியாது! வெள்ளியிலும் காந்தம் ஒட்டாது, ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது!

இன்னொரு உள்உலோகம் பிரிட்டானியா. வெள்ளீயம், ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. ஆஸ்கர் சிலை இருக்கிறதல்லவா? பல காலம் அந்தத் தங்கப் பூச்சுக்கு உள்ளே இருந்தது இதே பிரிட்டானியாதான். 2016-ல்தான் வெண்கலத்துக்கு மாறினார்கள்!

இனி டிசைன். சேகரிப்பவர்கள் அதைப் 'பாட்டர்ன்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், பிறந்த ஆண்டு எல்லாம் உண்டு. கைப்பிடியில் திராட்சைக் குலை தொங்கும் ஒரு பாட்டர்ன் 'விண்டேஜ்'. பிறப்பு 1904. 'சார்ட்டர் ஓக்' 1906. 'ஃபர்ஸ்ட் லவ்' 1937. 'எடர்னலி யுவர்ஸ்' 1941. முதல் காதலுக்கும் 'என்றென்றும் உன்னுடையவன்'-க்கும் இடையே வெறும் 4 ஆண்டு!

ஒனைடாவின் 'கொரோனேஷன்' 1936-ல் வந்தது. கொரோனேஷன் என்றால் முடிசூட்டு விழா. அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு முடிசூடாமலே பதவியை உதறினார். ராஜா போனார், ஸ்பூன் நின்றது!

சில ஸ்பூன்களில் காப்புரிமைத் தேதியே அடித்திருக்கும். அமெரிக்காவில் ஸ்பூன் கைப்பிடி டிசைனுக்கும் பேட்டன்ட் உண்டு! ஆனால் அந்தத் தேதி டிசைனுக்குத்தான். உங்கள் கையிலிருக்கும் உருப்படி பத்து, இருபது ஆண்டு கழித்துக்கூடப் பிறந்திருக்கலாம். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு பாட்டர்னில் எத்தனை வகை இருக்கும்? ஸ்பூன், முள்கரண்டி, கத்தி... அவ்வளவுதான் என்கிறீர்களா? மத்தி மீன் எடுக்கத் தனி முள்கரண்டி. தக்காளித் துண்டு எடுக்கத் தனி ஓட்டைக் கரண்டி. ஐஸ்கிரீமுக்குக்கூட முள்கரண்டி! டவுல் கம்பெனியின் 'ஜார்ஜியன்' என்ற ஸ்டெர்லிங் பாட்டர்னில் மொத்தம் 131 வகை!

தாங்கவில்லை அரசாங்கத்துக்கு! 1920-களில் ஒரு பாட்டர்னுக்கு 55 வகை போதும் என்று கணக்குப் போட்டார்கள். போடவைத்தவர் வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் அமெரிக்க அதிபரே அவர்தான். ஒரு கையால் பரோட்டாவைப் பிய்த்து மாட்டுக்கறியோடு சாப்பிடுகிற நமக்கு 55 என்பதே மயக்கம் தரும் எண்!

சேலத்தில் சூனியக்காரி ஸ்பூன்! நம் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம். 1692-ல் சூனிய வழக்கில் 19 பேரைத் தூக்கிலிட்ட ஊர். அதே ஊரில் டேனியல் லோ என்ற நகைக்கடைக்காரர் சுமார் 200 ஆண்டு கழித்து, துடைப்பமும் கையுமாகச் சூனியக்காரி நிற்கும் ஸ்பூனை விற்றார். அமெரிக்கா முழுவதும் நினைவு ஸ்பூன் பைத்தியம் பிடித்தது!

அமெரிக்காவில் வெள்ளியைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகம் சட்டப்படி இருந்த ஒரே ஊர் பால்டிமோர். 1814 முதல் 1830 வரை. வெறும் 16 ஆண்டு!

ஸ்டெர்லிங் என்று இருந்தால் 1000-க்கு 925 பங்கு வெள்ளி. அசல்! அந்த அசலுக்குத்தான் ஆபத்து வந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரைத் தொடப் போனது. ஸ்டெர்லிங் செட்டுகள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. முலாம் ஸ்பூனை உருக்கி என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. அதனாலேயே பிழைத்தது!

இப்போது நம் பக்கம் வருவோம். பாறசாலையில் 19-ம் நூற்றாண்டிலேயே லண்டன் மிஷன் இருந்தது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் தொடக்கம் 1838. ஆகவே இந்த வட்டாரத்தில் பழைய ஸ்பூன் கிடைத்தால் இங்கிலாந்துச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'இ.பி.என்.எஸ்.' என்ற நாலு எழுத்தைத் தேடுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் வெள்ளி முத்திரை போலவே மின்னும். அர்த்தம் என்னவோ, மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர்!

முலாம் வித்தைக்கு முதலில் பேட்டன்ட் எடுத்தவர்களும் ஆங்கிலேயர்களே. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனி, 1840. டைட்டானிக் கப்பலுக்குச் சாப்பாட்டு மேஜைச் சாமான் கொடுத்ததும் அவர்களே!

அமெரிக்க ஸ்பூன் வேண்டுமா? மலையேறுங்கள்! கொடைக்கானலில் 1845-ல் முதன்முதலாகக் கோடை வீடு கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் வந்தது அதற்கும் முன்னால், 1816-ல்! அந்தப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் நங்கூரமும் கழுகும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நம் நாடு மட்டும் சளைத்ததா? மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற வெள்ளிச் சாமானுக்கு 'சுவாமி பாட்டர்ன்' என்று பெயர். டீ கெட்டிலைச் சுற்றித் தெய்வ உருவங்கள்! 1875-76-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அதில் ஒரு டீ செட் பரிசாகப் போனது!

'ஓ.எம்.' என்று முத்திரை கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது குஜராத்தின் புஜ் நகரத்துக் கைவினைஞர் ஊமெர்சி மாவ்ஜியின் தலைப்பெழுத்து. ஏலத்தில் அந்த இரண்டு எழுத்துக்காகவே அடித்துக்கொள்கிறார்கள்!

யானை முத்திரையா? கல்கத்தா ஹாமில்டன் கம்பெனியாக இருக்கலாம். தொடங்கிய ஆண்டு 1808!

இத்தனையும் அவரவர் இஷ்டத்துக்கு அடித்த முத்திரைகள். இந்திய வெள்ளிக்கு பி.ஐ.எஸ். ஹால்மார்க் வந்தது எப்போது? 2005-ல்!

வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். முட்டை மஞ்சள் கருவில் இருக்கிறது. ரப்பர் பேண்டிலும் இருக்கிறது! ஸ்பூன் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அந்த இடத்தில் கறுப்புக் கோடு நிச்சயம்!

கறுப்பை எடுக்கப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஸ்பூனை அதன்மேல் படும்படி வைத்து, ஆப்பச் சோடா போட்டு, கொதிநீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் கறுப்பு தாளுக்குத் தாவிவிடும்! சாம்பலும் தேங்காய் நாரும் மட்டும் கிட்டே வரக்கூடாது. இருப்பதே 0.43 கிராம், அதையும் தேய்த்து விட்டால் மிச்சம் ஜெர்மன் சில்வர்தான்.

துணை ஸ்பூன் தொலைந்துவிட்டதா? அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் ரிப்ளேஸ்மென்ட்ஸ் என்று ஒரு கம்பெனி, 1981 முதல் நடக்கிறது. நின்றுபோன பாட்டர்ன்களை ஒற்றை ஒற்றையாக விற்பதே தொழில். கிடங்கில் இருக்கும் பாத்திர பண்டங்கள் 1 கோடிக்கு மேல்!

வாங்கும்போது ஒன்று: யாரோ பெயரெழுத்தைச் செதுக்கிய முலாம் ஸ்பூனுக்குச் சந்தையில் விலை குறையும். பேரம் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். அந்த ஸ்பூன் சாம்பாருக்கு எந்தக் குறையும் வைக்காது!