இலங்கை எறும்பின் ஐரோப்பிய உறவினர்

இலங்கையின் ரத்தினபுரி வட்டாரத்து மழைக்காடுகளில், உதிர்ந்து மட்கும் குச்சிகளுக்குள் வாழ்கிறது அனியூரெட்டஸ் சைமோனி என்ற சிறிய மஞ்சள் எறும்பு. இதற்குக் கார்லோ எமெரி 1893இல் பெயரிட்டார். வேறு எந்த நாட்டிலும் இது இல்லை என்பதால், அந்தத் தீவிலேயே பிறந்த இனம் என்று எண்ணத் தோன்றும். புதைபடிவங்கள் அப்படிச் சொல்லவில்லை. பால்டிக் கடலோரத்து அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசினில், ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்கிய பாரானியூரெட்டஸ், புரோட்டானியூரெட்டஸ் எறும்புகளை எறும்பு ஆய்வாளர் வீலர் 1915இல் விவரித்தார். அழிந்துபோன அவை இலங்கை எறும்பின் துணைக்குடும்பத்தையே சேர்ந்தவை. அமெரிக்காவின் கொலராடோ பாறையிலும் ஓர் உறவினம் கிடைத்திருக்கிறது.

உருவ ஒற்றுமை ஏமாற்றாதா, குளிர்ந்த வடக்கில் வெப்பக்காட்டு எறும்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைய ஐரோப்பா இன்றையதைவிட வெதுவெதுப்பானது. நம் மாந்தோப்புகளில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறின் பேரினமும் அதே பால்டிக் அம்பரில் இருக்கிறது. இன்று அங்கே முசுறு கிடையாது. ஒரே பிசின் இரண்டு சாட்சிகளைத் தரும்போது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பரந்து வாழ்ந்த ஒரு கிளை, பூமி குளிர்ந்த பின் சுருங்கியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தக் கிளையில் உயிரோடு எஞ்சியது இந்த ஒரே இனம். இதை மிக ஆபத்தான நிலையில் உள்ளதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் குறித்திருக்கிறது.