'சிக்கிட் லாகி' என்றால் எத்தனை மணி நேரம்?

"ஞாயிறு நுவாங். காலை அஞ்சு மணிக்குக் கூடுறோம். கெம் லோலோ தாண்டுனா ஃபுல் பாச்சாக். மழை பேஞ்சிருக்கு, அதனால பாச்சாட் பார்ட்டி உறுதி. பெவாய் ஆனவங்க வெட்கப்படாம சொல்லிடுங்க. ஸ்வீப்பர் ரெண்டு பேர்."

செந்தூலில் இருக்கும் எங்கள் மலையேறும் குழுவின் வாட்ஸ்அப்பில் அண்மையில் வந்த தகவல் இது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம்பெண் ஒருவர் உடனே எனக்குத் தனியாக எழுதினார்: "அக்கா, இது என்ன மொழி?"

நியாயமான கேள்விதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் வார இறுதியில் மலையேறுவது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. புக்கிட் காசிங், புக்கிட் கியாரா, புக்கிட் டிண்டிங், புரோகா என்று எங்கே போனாலும் விடியற்காலையிலேயே கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது. அலுவலக நண்பர்கள், பிள்ளைகளோடு வரும் பெற்றோர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று நம்மவர்களும் நிறைய வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு கலவை மொழியும் வளர்ந்திருக்கிறது. பெயர்ச்சொல் மலாயில் இருக்கும், கருவியின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், வினைச்சொல் மட்டும் தமிழில் இருக்கும்.

வானொலியில் பேசிப் பிழைப்பவள் என்பதால் யார் புதுச்சொல் பேசினாலும் என் காது அங்கே போய்விடும். மலையில் பேசப்படும் இந்தச் சொற்களைச் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். வேடிக்கைப் பேச்சு போலத் தெரியும் இவற்றில் பெரும்பாலானவை உண்மையில் எச்சரிக்கைகள். ஒரே ஒரு சொல் மட்டும் பொய் சொல்லும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓர் எழுத்தில் மாறும் பொருள்

முதலில் பாச்சாக், பாச்சாட். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். பாச்சாக் என்றால் மலாயில் ஒரு கம்பைச் செங்குத்தாக நடுவது. மலையேறுகிறவர்கள் வாயில் அது செங்குத்தான ஏற்றத்தைக் குறிக்கும். வளைந்து நெளிந்து போகாமல், மூக்குக்கு நேரே மேலே ஏறும் பாதை. பாச்சாட் என்றால் அட்டை.

தமிழில் நமக்கு எல்லாமே அட்டைதான். மலாயில் நிலத்தில் ஊர்ந்து வருவது பாச்சாட், நீரில் இருப்பது லிந்தா. காட்டில் இந்த வேறுபாடு உதவும். பாச்சாட் என்றால் காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டு, ஈரமான சருகுகளில் நிற்காமல் நடக்க வேண்டும். லிந்தா என்றால் தேங்கிய நீரில் இறங்குமுன் யோசிக்க வேண்டும்.

உலு லங்காட்டில் உள்ள குனோங் நுவாங் 1,493 மீட்டர் உயரம். சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. பங்சூன் பக்கமிருந்து ஏறினால், முதலில் முடிவே இல்லாதது போல நீளும் மண்சாலை. பிறகு கெம் லோலோ, அதற்கு மேல் கெம் பாச்சாட். அந்த இடத்துக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து ரொட்டியைப் பிரிப்பதற்குள் நமக்கே தெரிந்துவிடும்.

குனோங், புக்கிட் என்ற இரண்டு சொற்களையும் பிரித்தறிவது நல்லது. புக்கிட் குன்று, குனோங் மலை. காலையில் புக்கிட் ஏறிவிட்டு ஒன்பது மணிக்கு ரொட்டி சானாய் பசியாறலாம். நுவாங் போன்ற குனோங் பெரும்பாலோருக்கு ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் குழுவில் இதற்கு ஒரு சொந்த அளவுகோலும் உண்டு. "இந்த மலை எத்தனை பத்துமலை?" என்று கேட்போம். பத்துமலையின் 272 படிகளை ஏறியிராத செந்தூல்காரர் அரிது. "இது ஆறு பத்துமலை" என்று சொன்னால் யாருக்கும் மீட்டர் கணக்கு தேவைப்படாது.

மானம் காக்கும் சொற்கள்

சக்கரத்தில் காற்று போனால் மலாயில் பஞ்சிட் என்பார்கள். மலையில் ஆளுக்கே காற்று போய்விடும். மூச்சு வாங்கி, நாலடிக்கு ஒருமுறை நின்றால் அது பஞ்சிட். அதையும் தாண்டி, கால் நடுங்கி, பேசவும் மனமில்லாமல் மரத்தடியில் சாய்ந்துவிட்டால் பெவாய்.

பெவாய் என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். "என்னால் முடியவில்லை" என்று சொல்வது நம் ஆண்களுக்குக் கடினம். அலுவலகத்து நண்பர்கள் முன்னால் பெண்களுக்கும் கடினம்தான். அப்படிச் சொன்னால் தோற்றுப் போனது போல இருக்கும். "அண்ணே, நான் பெவாய்" என்று சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், சொன்னவரும் சிரிப்பார். பையிலிருந்து பேரீச்சம்பழமும் உப்புக் கலந்த பானமும் வெளியே வரும். உடம்பைப் பற்றிய உண்மையை அவமானம் இல்லாமல் சொல்ல அந்தச் சொல் வழி செய்கிறது.

அந்த உண்மையைக் கேட்க ஓர் ஆளும் உண்டு. அவர்தான் ஸ்வீப்பர். எல்லாருக்கும் கடைசியில் நடப்பவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. முன்னால் போகும் வேகக்காரரைத்தான் புதியவர்கள் தலைவர் என்று நினைப்பார்கள். குழு பத்திரமாகத் திரும்புவது பெரும்பாலும் கடைசி ஆளின் பொறுமையில் இருக்கிறது.

இன்னும் இரண்டு சொற்கள். 'புஞ்சாக் தீப்பு' என்றால் ஏமாற்றுச் சிகரம். மரங்களுக்கு மேல் வானம் தெரியும், உச்சி வந்துவிட்டது என்று மனம் துள்ளும், ஏறிப் பார்த்தால் எதிரே இன்னொரு மேடு நிற்கும். 'லாஸ்ட் வாட்டர் பாயிண்ட்' என்றால் கடைசி நீர்நிலை. அதற்கு மேல் ஓடை கிடையாது. இந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் புட்டிகளை நிரப்ப வேண்டும்.

பாட்டிக்குத் தெரிந்த சப்பாத்து

மலையேறுகிறவர்கள் மத்தியில் 'அடிடாஸ் கம்போங்' மிகவும் பிரபலம். ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் குமிழ் குமிழாக இருக்கும். சேற்றிலும் ஈரமான வேர்களிலும் பிடித்து நிற்கும், கழுவினால் உடனே காய்ந்துவிடும். பேர்போன நிறுவனங்களின் காலணி விலையில் சிறு பங்குதான். பெயரில் மட்டும்தான் அடிடாஸ். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் அணிந்த சப்பாத்து இது.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் வாங்கி வந்த சப்பாத்தை வாசலில் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "இதைப் போடக் கூடாதுன்னுதானே உங்கம்மாவைப் படிக்க வெச்சேன்" என்றார். பிறகு உள்ளங்கையால் அதன் அடியைத் தடவிப் பார்த்து, "ஓர் அளவு பெருசா வாங்கியிருக்கணும், இறக்கத்துல நகம் இடிக்கும்" என்றார். மறுவாரம் நான் ஓர் அளவு பெரியதாக மாற்றிக்கொண்டேன்.

நாம் இன்று 'ஹெட்லேம்ப்' என்று கடையில் வாங்குவதை, அன்று விடியுமுன் இருட்டில் நெற்றியில் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தார்கள். அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்திருந்தார்கள். பொழுதுபோக்குக்காக அல்ல, கூலிக்காக. ஆகவே காட்டில் நடக்கும் கலை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. வீட்டில் தோட்டத்தில் உழைத்த பெரியவர் யாராவது இருந்தால், மலைக்குப் போகுமுன் அவரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். எந்த வழிகாட்டிப் படத்திலும் இல்லாத குறிப்புகள் கிடைக்கும்.

மாலிமும் மாலுமியும்

உயரமான மலைகளுக்குப் போக வனத்துறை அனுமதியும், பல இடங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டியும் தேவை. அந்த வழிகாட்டிக்கு 'மாலிம் குனோங்' என்று பெயர். மாலிம் என்ற மலாய்ச் சொல் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கற்றுக்கொடுப்பவர் என்று பொருள். கடலில் கப்பலுக்கு வழி சொல்பவரையும் அப்படி அழைத்தார்கள். நம் தமிழில் உள்ள மாலுமியும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழில் கடலிலேயே நின்றுவிட்ட சொல், மலாயில் மலை ஏறியிருக்கிறது.

2015 ஜூன் 5ஆம் தேதி சபாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இந்தச் சொல்லின் கனம் நாட்டுக்கே தெரிந்தது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் அன்று 18 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் மலை வழிகாட்டிகளும் இருந்தார்கள். மேலே சிக்கித் தவித்த ஏறக்குறைய 140 பேர் கீழே வந்து சேர, உருண்டு விழும் பாறைகளுக்கு நடுவே துணை நின்றவர்கள் மாலிம் குனோங்குகள்தான்.

மலைப் பைத்தியம் முற்றியவர்கள் அடுத்துப் பேசுவது 'ஜி7'. பணக்கார நாடுகளின் கூட்டணி அல்ல. தீபகற்ப மலேசியாவில் 7,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஏழு மலைகள்: தஹான், கொர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், உலு செப்பாட். இவற்றில் தஹான்தான் உயரம், 2,187 மீட்டர்.

பனியிலும் இதே கதை

இப்படிச் சொல் உண்டாக்குவது நமக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. பனிச்சறுக்கு விளையாடும் நாடுகளில் புதியவர்கள் பழகும் சிறு சரிவுக்கு 'பன்னி ஸ்லோப்' என்று பெயர். முயல்குட்டிச் சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். பனியும் மேகமும் கலந்து, தரை எது வானம் எது என்று தெரியாமல் போனால் அது 'வைட்அவுட்'. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் மாதக்கணக்கில் நடப்பவர்கள், நடக்காமல் ஓய்வெடுக்கும் நாளை 'ஸீரோ டே' என்பார்கள். அவர்களுக்கும் பெவாயை மானத்தோடு சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது.

எவரெஸ்டில் 8,000 மீட்டருக்கு மேல் 'மரண மண்டலம்'. அங்கே பிராணவாயு மிகக் குறைவு, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. அங்கே மிக முக்கியமான சொல் 'திரும்பும் நேரம்'. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்த மணியில் இறங்கிவிட வேண்டும். 1996 மே மாதம் பலர் அந்த நேரம் கடந்தும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிறகு புயல் வந்தது. எட்டுப் பேர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, 1997 மே 23ஆம் தேதி, எம்.மகேந்திரனும் என்.மோகனதாஸும் சில நிமிட இடைவெளியில் அதே உச்சியில் நின்றார்கள். எவரெஸ்டைத் தொட்ட முதல் இரண்டு மலேசியர்களும் நம்மவர்கள். அவர்கள் ஏறியதை நாம் கொண்டாடுகிறோம். பத்திரமாக இறங்கி வந்ததையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும்.

அந்த ஒரு பொய்

இனி, முதலில் சொன்ன அந்தச் சொல். 'சிக்கிட் லாகி'. இன்னும் கொஞ்சம்தான்.

ஏறும்போது எதிரே இறங்கி வருகிறவரிடம் எல்லாரும் கேட்பார்கள்: "அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?" அவர் முகம் மலர்ந்து சொல்வார்: "சிக்கிட் லாகி தம்பி, பத்து நிமிஷம்." ஒரு மணி நேரம் கழித்து வரும் இன்னொருவரும் அதையே சொல்வார். இது மலையின் பொது நகைச்சுவை. சொல்கிறவர் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை, ஊக்கம் கொடுக்கத்தான் சொல்கிறார்.

புக்கிட்டில் இதனால் பாதகமில்லை. குனோங்கில் உண்டு. பெவாய் ஆன ஒருவர் அந்தச் சொல்லை நம்பித் தண்ணீரை முடித்துவிடுவார். நேரத்தைப் பார்க்காமல் ஏறுவார். நம் நாட்டில் பிற்பகலில் இடி மழை வருவது வழக்கம். செந்தூல் சாலையில் மாலை ஏழு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும், அடர்ந்த காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். இருட்டில், மழையில், களைத்த கால்களோடு இறங்கும்போதுதான் வழி தவறுகிறது. பிறகு 999க்கு அழைத்து, பொம்பா வீரர்கள் இரவில் காட்டுக்குள் தேட வேண்டியிருக்கிறது.

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இப்போது மணி என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்பவர் பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிச் செல்பவராக இருக்கலாம், வேலைக்கு ஓடுபவராக இருக்கலாம். அவருக்குத் தேவை உற்சாகம் மட்டுமல்ல, சரியான நேரமும். எங்கள் மலைக் குழுவில் இப்போது அதையே செய்கிறோம். எதிரே வருகிறவர் தூரம் கேட்டால், "நாங்க உச்சியிலிருந்து கிளம்பி நாற்பது நிமிஷம் ஆச்சு, ஏறுறதுக்கு அதைவிட அதிகமாகும்" என்கிறோம். கேட்டவர் முகம் சற்றுச் சுருங்கும். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு மலைக்குக் கிளம்புகிறவர்கள் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொண்டு காரை எடுங்கள்: கடைசி நீர்நிலை எங்கே? ஸ்வீப்பர் யார்? திரும்பும் நேரம் எத்தனை மணி? நாம் எங்கே போகிறோம் என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தனியாக எழுதிக் கேட்ட அந்தத் தங்கை, நுவாங்கில் கெம் பாச்சாட் வரை வந்தார். அங்கே பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நான் பெவாய்" என்றார், சிரித்துக்கொண்டே. ஸ்வீப்பர் ஒருவர் அவரோடு இறங்கினார். மலை அங்கேயேதான் இருக்கிறது, இன்னொரு நாள் ஏறிக்கொள்ளலாம்.