நகரை ஆள்பவர் யார்?



நகரை ஆள்பவர் யார் என்று உங்களை ஒருவர் வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? மேயர் என்பர் சிலர். ஆணையர் என்பர் வேறு சிலர். சட்டமன்ற உறுப்பினர் என்று கூறுவாரும் உளர். மூன்று விடைகளிலும் உண்மை உண்டு. எதிலும் முழு உண்மை இல்லை. பல சாதியினரும் பல சமயத்தினரும் பல தொழிலினரும் கூடி வாழும் நகரத்தின் ஆட்சி ஒரே கையில் இருப்பதில்லை. அது பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. அந்தக் கைகள் எவை, அவை எவ்வாறு இணைகின்றன, இணையாதபோது விளைவது யாது என்பவற்றைச் சிவகாசி நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

சென்னையையும் மதுரையையும் விட்டுச் சிவகாசியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிற ஊர்களில் ஆட்சி பிசகினால் தெருவில் குப்பை தேங்கும். குழாயில் நீர் வராது. சிவகாசி வட்டாரத்தில் ஆட்சி பிசகினால் உயிரே போகும்.

முதலில் சிறிது வரலாறு. சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே ஊர்க் காரியங்களை நடத்த வேண்டும் என்னும் கருத்துக்கு நாடு முழுவதும் வழிகோலியது, 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமேயாகும். அந்த வழியில் வளர்ந்த நகராட்சிகளுள் ஒன்று, 1920ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிவகாசி நகராட்சி.

சட்டம் வகுத்த இந்த நகராட்சிகளுக்கு முன்பே, இவ்வட்டாரத்தில் பொதுக் காரியங்களை நடத்த வேறொரு முறை இருந்தது. அதற்கு மகமை என்று பெயர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் வாணிகம் செய்த நாடார் பெருமக்கள், தாம் வாங்கி விற்கும் சரக்கின்மீது ஒரு சிறு பங்கைத் தாமே பொது நிதிக்கு அளித்து வந்தனர். எந்த அதிகாரியும் வந்து வசூலிக்கவில்லை. கொடாதவரைச் சிறையிடச் சட்டமும் இல்லை. எனினும் நிதி பெருகியது. பேட்டைகளும் கோயில்களும் கிணறுகளும் பள்ளிகளும் அதனால் எழுந்தன. காமராஜர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொது முயற்சியின் கனியே. தம் பணம் தம் கண்முன்னே பள்ளியாக மாறுவதைக் கண்ட மக்கள் மேலும் மனமுவந்து கொடுத்தார்கள். எந்த நகராட்சியும் இதனினின்று கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வரிப்பணம் எங்கே போயிற்று என்பது தெரியும் ஊரில் வரி கொடுக்க மக்கள் தயங்குவதில்லை.

ஆயினும் மகமைக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு சமூகத்தின் நிதி. ஊரார் அனைவருக்கும் உரிய நிதியன்று. வெவ்வேறு சமூகத்தார் தம் பூசலை உட்கார்ந்து பேசித் தீர்க்கும் மன்றமாக அதனால் ஆக இயலவில்லை. கோயில் நுழைவு பற்றி எழுந்த பூசல் முற்றி, 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிவகாசி தாக்கிச் சூறையாடப்பட்டது. வேறுபட்ட மக்கள் வாழும் ஊருக்கு அனைவரும் சரிசமமாக அமரும் ஒரு மன்றம் இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. நகரமன்றத்தின் முதற்பயன் விளக்குக் கம்பம் நடுவதும் சாக்கடை கட்டுவதும் என்று பலர் எண்ணுகின்றனர். வெவ்வேறு தெருவினரை ஒரே மேசையைச் சுற்றி அமரச் செய்வதே அதன் முதற்பயன் என்பது என் கருத்து.

சிவகாசியின் தொழில் வளர்ந்த கதை நீங்கள் அறிந்ததே. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், இரண்டுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிடும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. மழை குறைந்த கரிசல் பூமியில் உழவு பொய்த்தபோதெல்லாம் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தவை இந்த மூன்று தொழில்களே. ஊர் பெருகியது, அண்டையிலுள்ள திருத்தங்கலும் பெருகியது. 2021ஆம் ஆண்டில் சிவகாசி, திருத்தங்கல் ஆகிய இரு நகராட்சிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டுச் சிவகாசி மாநகராட்சி உருவாயிற்று. 48 வார்டுகள் வகுக்கப்பட்டன.

நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கட்டளை. அவ்வாறிருந்தும், தமிழ்நாட்டின் நகரங்களில் 2016ஆம் ஆண்டில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் அடுத்த தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் தனி அதிகாரிகளே நகரங்களை நடத்தினார்கள். அவர்களுள் திறமையானவர் பலர் இருந்திருக்கலாம். ஆனால், இரவில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்டிக் கேட்க ஒரு கவுன்சிலர் வீடு அப்போது இல்லை.

2022ஆம் ஆண்டின் தேர்தலில் இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளர் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தனர். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தனர். அன்றாட நிர்வாகத்தை நடத்தும் ஆணையரையோ மாநில அரசு நியமிக்கிறது. மன்றம் தீர்மானிக்கும், ஆணையர் நிறைவேற்றுவார். குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை ஆகியவை இவர்கள் பொறுப்பு. அவற்றிலும் வெளியார் துணை தேவைப்படுகிறது. நகரம் பருகும் நீருள் ஒரு பகுதி, ஊருக்கு வெளியே வைப்பாற்றின் குறுக்கே உள்ள வெம்பக்கோட்டை அணையிலிருந்து வருகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். சிவகாசியின் பெயரை உலகறியச் செய்த பட்டாசை ஆள்பவர் யார்? மேயரா? இல்லை. பட்டாசு ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் வட்டங்களின் சிற்றூர்களை ஒட்டிப் பரந்து கிடக்கின்றன. விடியற்காலையில் சிவகாசிச் சாலைகளில் நின்றால், சோற்று வாளியுடன் ஆணும் பெண்ணும் ஆலைப் பேருந்துகளில் ஏறி நகரை விட்டு வெளியேறுவதை நான் கண்டதுபோல் நீங்களும் காணலாம். வீட்டில் இருக்கும்போது அவர்கள் மாநகராட்சியின் குடிமக்கள். ஆலைக்குள் நுழைந்ததும் அவர்களுடைய உயிரைக் காக்கும் பொறுப்பு வேறு கைகளுக்கு மாறிவிடுகிறது.

அந்தக் கைகள் பல. வெடிபொருள் பற்றிய மூலச் சட்டம் 1884ஆம் ஆண்டில் பிறந்தது. அதன்கீழ் விரிவான விதிகள் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டன. சிறிதளவு மருந்தைக் கையாளும் ஆலைக்கு விருதுநகரிலுள்ள மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் வழங்குகிறார். அதனினும் பெரிய ஆலைக்குச் சென்னையிலுள்ள மத்திய அரசின் வெடிபொருள் அதிகாரி உரிமம் வழங்குகிறார். மிகப் பெரிய ஆலைக்கோ நாக்பூரிலுள்ள தலைமை அதிகாரி வழங்க வேண்டும். 'நாக்பூர் லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று ஊரார் ஆலைகளைத் தரம் பிரித்துப் பேசுவது இதனாலேதான். தொழிலாளரின் பாதுகாப்பைக் கண்காணிப்பது மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். எந்த மருந்தைச் சேர்க்கலாம் என்பதையோ தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றமும் கூறுகிறது. தில்லிக் காற்றின் மாசு பற்றித் தொடங்கிய வழக்கில், 2018 அக்டோபர் 23ஆம் நாள் அளித்த தீர்ப்பில் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் அந்நீதிமன்றம் தடை செய்தது. தில்லிக் குழந்தைகளின் மூச்சைக் காக்க எழுந்த அந்தத் தீர்ப்பு, சரவெடி பின்னிப் பிழைத்த சிவகாசிக் குடும்பங்களின் அடுப்பையும் தொட்டது.

இத்தனை காவலர் இருந்தும் விபத்து ஏன் நேர்கிறது? ஆலையின் அறைகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. ஓர் அறை தீப்பற்றினால் அடுத்த அறைக்கு அது தாவாதிருக்கவும், இழப்பு குறையவும் வகுத்த விதிகள் இவை. ஆலையைக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாக உள்குத்தகைக்கு விடும்போது இவ்விதிகள் காற்றில் பறக்கின்றன. தீபாவளி நெருங்கினால் ஆசையும் அவசரமும் கூடிவிடுகின்றன.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடி வந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களுள் அடங்குவர். விதிமீறலுக்காக அவ்வாலையின் உரிமம் அதற்கு முன்னரே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் பின்னர்த் தெரிவித்தனர். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். குற்றம் கண்டறியப்பட்டது, ஆணையும் பிறந்தது, ஆனால் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் இல்லாததால் நேர்ந்த குறையா இது? ஆணையிடும் கைக்கும் ஆலைக் கதவைப் பூட்டும் கைக்கும் இடையே கிடந்த இடைவெளியில் அத்தனை உயிர்களும் விழுந்துவிட்டன என்றே நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு பழங்கதையை நினைவூட்ட விரும்புகிறேன். சிலப்பதிகாரத்தில், மதுரையின் காவல் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் வரலாறு அது. அது நிகழ்ந்த இடம் தங்கால், இன்றைய திருத்தங்கல். வார்த்திகன் என்பவன் புதையல் பொருளைக் கவர்ந்தான் என்று அரசனின் ஏவலர் பொய்யாகக் கருதி அவனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கதறினாள். கொற்றவை கோயிலின் கதவு அடைத்துக்கொண்டு திறவாதாயிற்று. பாண்டியன் திடுக்கிட்டுக் காரணம் ஆராய்ந்து உண்மையை அறிந்தான். ஏவலர் செய்த பிழை தனதன்று என்று அவன் கைகழுவவில்லை. வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். அதன்பின்னரே கதவு திறந்தது. மன்னன் ஒருவனாக இருந்ததால், பொறுப்பும் ஒருவன் தலைமேல் வந்து நின்றது.

இன்று மன்னன் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் மேயர், ஆணையர், ஆட்சியர், சென்னை அதிகாரி, நாக்பூர் அதிகாரி என்று பொறுப்பு ஐந்தாறாகப் பிரிந்திருக்கும்போது, 'அது எங்கள் எல்லைக்குள் வராது' என்னும் சொல் ஒவ்வொரு மேசையிலும் எளிதில் பிறக்கிறது. பலர் பொறுப்பு என்பது எவர் பொறுப்பும் இல்லை என்றாகிவிடுகிறது. அதைத் தடுக்க வல்லவர் குடிமக்களே.

எவ்வாறு? எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்பதை அறிந்திருப்பது முதற்படி. குழாயில் நீர் வராவிட்டால் கவுன்சிலர். ஆலை அறையில் ஆள் நெருக்கமெனில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். உரிமத்தில் ஐயமெனில் அதை வழங்கிய அலுவலகம். இட்ட ஆணை என்னவாயிற்று என்று கேட்பது இரண்டாம் படி. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. ஆலைகள் சூழ்ந்த சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எவரும் எழுந்து பேசலாம். உங்கள் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் ஆலையின் உரிமம் எவருடையது என்று உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்?

பதவியில் அமர்பவர்க்கும் இம்மண்ணில் ஓர் இலக்கணம் உண்டு. காமராஜர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, 1941ஆம் ஆண்டில் விருதுநகர் நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் நேரே நகராட்சிக்குச் சென்றார், பதவியைத் துறந்தார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியை ஏற்பது தகாது என்பது அவர் கொள்கை. நாற்காலி ஒருவருக்குக் கிடைத்த பெருமையன்று, அவர்மீது ஏற்றப்பட்ட கடன் என்று அவர் எண்ணினார்.

நாளை உங்களுள் சிலர் கவுன்சிலராகலாம், சிலர் ஆட்சியராகலாம், ஆலை முதலாளியாவாரும் இருக்கலாம். எங்கே அமர்ந்தாலும், உங்கள் மேசைக்கு வந்த குறை உங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டதாயின், உரிய மேசை எதுவெனக் கண்டு அதை அங்கே சேர்ப்பிக்கும்வரை அக்குறை உங்களுடையதே என்று கொள்ளுங்கள்.