புரட்டாசியில் முண்டந்துறை

திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் பாபநாசம். அங்குள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால், தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் நடுவே முண்டந்துறை. 1962இல் சரணாலயமான இந்தக் காடு, 1988இல் களக்காட்டுடன் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. வனத்துறை ஓய்வு விடுதியும் இங்கே உண்டு. தங்குவதற்கு முன் அனுமதி வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு இங்குள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் அலைமோதும். புரட்டாசியில் அந்தச் சந்தடி இருக்காது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவரும். வடகிழக்குப் பருவமழைக்கு ஐப்பசி பிறக்க வேண்டும். அமைதியை நாடுவோருக்கு இந்த இடைவெளியே தோது. காலையில் அணைநீர்மேல் இறங்கி நிற்கும் மஞ்சு, வெயில் ஏற ஏற விலகும்.

மேலே இரண்டு அணைகள். காரையாறு எனப்படும் பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு அணைக்கு 156 அடி. மலையைக் குடைந்த சுரங்கம் இரண்டையும் இணைப்பதால், ஒன்றின் தண்ணீர் மற்றதற்கும் போய்ச் சேரும்.

மிளாவும் யானையும் நடமாடும் காடு இது. பொழுது சாய்ந்தபின் விடுதியைவிட்டு வெளியே நடக்கக் கூடாது.