“எனக்குப் புரியவில்லை!”
இதை இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்வது எப்படி?

1951-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம்.

கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இம்ஜின் என்ற ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படை ஒன்று காவல் இருந்தது. 22-ந் தேதி இரவு சீனப் படைகள் ஆற்றைக் கடந்து வந்தன. ஆயிரக்கணக்கில் வந்தன. குளோஸ்டர் பட்டாளம் என்ற பிரிட்டிஷ் பட்டாளம் நின்ற குன்றுகளை நாலா பக்கமும் வளைத்துக்கொண்டன.

பிரிட்டிஷ் படையின் தலைவர் பிரிகேடியர் பிரோடி. அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஓர் அமெரிக்கத் தளபதி. பெயர் ராபர்ட் சோல்.

“நிலைமை எப்படி?” என்று அமெரிக்கர் கேட்டார்.

“கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது, சார்!” என்றார் பிரோடி.

ஸ்டிக்கி என்றால் பிசுபிசுப்பு. கையில் வெல்லப்பாகு பட்டால் ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்பு! ஆனால் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவர் போர்க்களத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால், “தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது” என்று அர்த்தம். இன்னோர் ஆங்கிலேயர் கேட்டிருந்தால் பதறிப் போயிருப்பார். அமெரிக்கர் பதறவில்லை. “கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் சமாளித்துக்கொள்கிறார்கள்” என்று எடுத்துக்கொண்டார். அந்தப் போரின் கதையைச் சொல்பவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்கிறார்கள்.

25-ந் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. குளோஸ்டர் பட்டாளத்தில் 500-க்கும் மேற்பட்டவர்கள் சீனர்களிடம் சிறைப்பட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த ஒரு சொல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மீட்கப் போன படையும் வழியிலேயே தடுக்கப்பட்டது. ஆனாலும், “ஸ்டிக்கி என்கிறீர்களே, எனக்கு விளங்கவில்லை. எத்தனை பேர் வளைத்திருக்கிறார்கள்? எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்று யாராவது கேட்டிருக்கலாம் அல்லவா?

இருவருக்கும் தாய்மொழி இங்கிலீஷ். அவர்களுக்கே இந்தக் கதி!

தலையாட்டும் வழக்கம்

அந்த அமெரிக்கரையும் அதிகம் குறை சொல்ல முடியாது. தமக்குப் புரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருப்பவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

டெலிபோனில் வெளிநாட்டு மேலதிகாரி பேசுகிறார். எதற்காக வேலையை மாற்றிச் செய்யவேண்டும் என்று கால் மணி நேரம் காரணம் சொல்கிறார். இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் வாய் “யெஸ் சார், யெஸ் சார்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் வேலை தப்பாகப் போகிறது. “நேற்றே கேட்டிருக்கலாமே!” என்று திட்டு விழுகிறது.

கேட்டால், “இது கூடத் தெரியாதா?” என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். “நீ பேசுவது உளறல்” என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் மறு பக்கம். இந்த இரண்டாவது பயத்தில் உண்மை இருக்கிறது.

தமிழில் உள்ள வசதி

தமிழில் “எனக்குப் புரியவில்லை” என்கிறோம். “எனக்குப் பசிக்கிறது”, “எனக்குக் குளிர்கிறது” என்று சொல்வதுபோலத்தான் இதுவும். பசி தானாக வருகிறது. குளிர் தானாக அடிக்கிறது. அதுபோல, புரிவதும் புரியாததும் தானாக நடக்கிறது. குற்றம் யார் மேலும் இல்லை. சொன்னவர் மேலும் இல்லை, கேட்டவர் மேலும் இல்லை.

இங்கிலீஷில் இந்த வசதி கிடையாது. “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் யூ” என்றால் அதில் “நான்” இருக்கிறது, “உன்னை” என்பதும் இருக்கிறது. வழி கேட்கும் இடத்தில் இதைச் சொன்னால் பாதகம் இல்லை. ஒருவர் காரண காரியத்தோடு வாதம் செய்துகொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே சொன்னால், “உன் பேச்சுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை” என்பதுபோலப் பட்டுவிடும். அதனால்தான் ஆங்கிலேயர் அதைச் சுற்றி நாலு பஞ்சு வைத்துச் சொல்கிறார்கள்.

“ஐ ஆம் அஃப்ரெய்ட், ஐ டோன்ட் க்வைட் ஃபாலோ.”

நன்றாகப் படித்த ஆங்கிலேயர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் இது. ஒவ்வொரு சொல்லையும் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

“ஐ ஆம் அஃப்ரெய்ட்” என்றால் “நான் பயப்படுகிறேன்” என்று பொருள். ஆனால் இங்கே பயமும் இல்லை, ஒன்றும் இல்லை! “மன்னிக்கவேண்டும்” என்பதற்குப் பதிலாக வந்த சொல். கசப்பான சேதி எதையும் சொல்வதற்கு முன்னால் இதைப் போட்டுக்கொள்வார்கள். டிக்கெட் தீர்ந்துபோனால் சினிமாக் கொட்டகைக்காரர்கூட “பயப்படுகிறேன்” என்றுதான் ஆரம்பிப்பார்.

“க்வைட்” என்பது “முழுக்க”. முழுக்கப் புரியவில்லை என்றால், பெரும்பகுதி புரிந்துவிட்டது என்று ஆகிறது. உண்மையில் ஒரு எழுத்துக்கூடப் புரிந்திருக்காது. அது வேறு விஷயம்.

கடைசியில் வரும் “ஃபாலோ”தான் முக்கியம். அதற்குப் “பின்னால் வருவது” என்று அர்த்தம். வாதம் என்பது ஒரு பாதை. பேசுபவர் முன்னால் நடக்கிறார். கேட்பவர் பின்னால் வருகிறார். வழியில் எங்கேயோ பின்தங்கிவிட்டார். தவறு பாதையில் இல்லை, நடந்தவரிடம் இல்லை, பின்னால் வந்தவரின் காலில்! இப்படிச் சொன்னால் யாருக்குக் கோபம் வரும்? “வாருங்கள், திரும்பிப் போய்க் கூட்டிவருகிறேன்” என்றுதான் தோன்றும்.

“யூ ஆர் நாட் கிளியர்” என்பதற்கும் “ஐ ஆம் நாட் கிளியர்” என்பதற்கும் இதே வித்தியாசம்தான். முதலாவது “நீங்கள் தெளிவாகப் பேசவில்லை” என்று குற்றம் சாட்டுகிறது. இரண்டாவது “எனக்குத் தெளிவாகவில்லை” என்று தன் மேல் போட்டுக்கொள்கிறது. நம் ஊரில் இங்கிலீஷ் பேசுபவர்கள் அவசரத்தில் முதலாவதைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரின் முகம் ஏன் சிவந்தது என்று தெரியாமல் விழிப்பதுண்டு.

டவுட் என்ற வம்பு

இன்னொரு சொல்லும் நம்மவர்களை மாட்டிவிடும். அதுதான் “டவுட்”.

பள்ளிக்கூடத்தில் பாடம் புரியாவிட்டால், “சார், ஒரு சந்தேகம்” என்று பையன் எழுந்து நிற்பான். நல்ல வழக்கம். அதையே “ஐ ஹாவ் எ டவுட்” என்று இங்கிலீஷ் ஆக்குகிறோம். இந்தியா முழுவதும் இது செல்லும். லண்டனில் செல்லாது. அங்கே டவுட் என்றால் “நம்பிக்கை இல்லை” என்று பொருள். ஒருவர் அரைமணி நேரம் விளக்கிய பிறகு, “உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை” என்று புன்சிரிப்போடு சொன்னால் எப்படி இருக்கும்? “கொஸ்டின்” என்று சொன்னால் போதும். வம்பு இல்லை.

“பார்டன்” என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. காதில் சரியாக விழாவிட்டால் “பார்டன்?” என்று கேட்பதுதான் மரியாதை என்று நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். 1954-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ராஸ், இங்கிலாந்தின் மேல்தட்டு மக்கள் எந்தச் சொல்லைப் பேசுகிறார்கள், எதைப் பேசுவதில்லை என்று ஆராய்ந்து எழுதினார். அவர்கள் “பார்டன்” என்று சொல்வதே இல்லை என்றார். “வாட்?” என்றுதான் கேட்பார்களாம்! அதாவது “என்ன?” பிரபு குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு 1955-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தே அதைப் பேசியது. அதற்காக நம்மவர்கள் “வாட்?” என்று கேட்கத் தொடங்கவேண்டாம். பிரபுக்களுக்கு அது செல்லும். மற்றவர்கள் “சாரி?” என்று குரலை உயர்த்திக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மரியாதைக்குள் கத்தி

இனிப்பான சொல் எல்லாம் இனிப்பான எண்ணத்தோடு வருவதில்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வக்கீல்கள் “வித் ரெஸ்பெக்ட்” என்பார்கள். “மரியாதையோடு சொல்கிறேன்” என்று பொருள். அடுத்து வருவது மறுப்பு! “வித் கிரேட் ரெஸ்பெக்ட்” என்றால் மறுப்பு பலமாக இருக்கும். “வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்” என்றாலோ கேட்கவே வேண்டாம். மரியாதை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

“ஐ டோன்ட் க்வைட் ஃபாலோ” என்பதும் அப்படித்தான். நீதிபதி வக்கீலைப் பார்த்து அதைச் சொன்னால், அவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம் இல்லை. நன்றாகப் புரிந்துவிட்டது, வாதம் ஓட்டை என்று அர்த்தம். புத்திசாலி வக்கீல் அந்த இடத்திலேயே வேறு வழி பார்ப்பார்.

அப்படியானால், உண்மையாகவே புரியாதவர் என்ன செய்வது? வெறும் “புரியவில்லை” என்றால் வாதத்துக்கு அழைப்பதுபோலவும் ஆகிவிடலாமே! எதுவரை புரிந்தது, எங்கே விட்டுப்போயிற்று என்று இடத்தைக் காட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இங்கிலாந்தில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குச் சளி, இருமல், சுரம். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, “இது வைரஸால் வந்தது. அதனால் ஆன்டிபயாட்டிக் மருந்து வேண்டாம்” என்கிறார். தாய்க்கு ஆத்திரமாக வருகிறது. பிள்ளை கொதிக்கிறது, மருந்து வேண்டாமா? “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் யூ!” என்று சொல்லிவிட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாலோ, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மாத்திரையைக் கொடுக்கத் தோன்றும்.

“வைரஸ் என்பது புரிகிறது, டாக்டர். அதற்கும் மருந்து வேண்டாம் என்பதற்கும் என்ன சம்பந்தம்? அதுதான் எனக்கு விளங்கவில்லை” என்று கேட்டால்? இங்கிலீஷில் “ஐ ஃபாலோ யூ அப் டு தட் பாயிண்ட்” என்று தொடங்கலாம். “அந்த இடம் வரை உங்கள் பின்னால் வந்துவிட்டேன்” என்று அர்த்தம். டாக்டர் அந்த ஒரு இடத்தை மட்டும் விளக்கினால் போதும். ஆன்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும். வைரஸை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவுதான்! எந்த அறிகுறி தெரிந்தால் குழந்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ளலாம்.

ரோஜர்ஸ் சொன்ன விளையாட்டு

இம்ஜின் ஆற்றங்கரையில் போர் நடந்த அதே 1951-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு நடந்தது. மனநூல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் பேசினார். மனைவியோடோ நண்பரோடோ வாக்குவாதம் முற்றும்போது ஒரு விதியைக் கடைப்பிடித்துப் பார்க்கச் சொன்னார். எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். “ஆமாம், நான் சொன்னது அதுதான்” என்று அவர் திருப்திப்படவேண்டும். அதற்குப் பிறகுதான் தன் பேச்சைத் தொடங்கலாம்!

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். பாதி நேரம் வாதமே பாக்கி இருக்காது. இன்னொருவர் பேச்சை அப்படி முழுக்க உள்ளே வாங்கினால் தன் கருத்தே மாறிவிடும் ஆபத்தும் உண்டு என்று ரோஜர்ஸே எச்சரித்தார். நம் நாட்டுத் தத்துவ நூல்களிலும் எதிராளியின் கட்சியை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்லிவிட்டு, அப்புறம் மறுப்பது பழைய முறை. “பூர்வபட்சம்” என்று அதற்குப் பெயர்.

இங்கிலீஷில் “டூ யூ மீன் தட்...?” என்று ஆரம்பித்தால் இந்த வேலை நடந்துவிடும். “நீங்கள் சொல்வது இதுதானா?” என்று பொருள். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்திவிடுவார்.

வானத்தில் மரியாதை இல்லை

இந்தப் பஞ்சு எல்லாம் தரையில்தான். ஆகாயத்தில் அதற்கு நேரம் இல்லை.

1990-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி இரவு, கொலம்பியா நாட்டு விமானம் ஒன்று நியூயார்க்கில் இறங்க இடம் கிடைக்காமல் வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டம் அடித்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானிக்கு இங்கிலீஷ் தாய்மொழி அல்ல. எரிபொருள் தீர்கிறது என்று சொன்னார். ஆனால் “எமர்ஜென்சி” என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. தரையில் இருந்த அதிகாரி, “உங்கள் எரிபொருள் நிலைமைக்கு இது சரிப்படுமா?” என்றுகூடக் கேட்டார். “சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி” என்று பதில் வந்தது. சில நிமிஷங்களில் விமானம் விழுந்துவிட்டது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

விமானிகளும் விமான நிலையத்தாரும் பேசிக்கொள்வதற்கென்று உலகம் முழுவதும் ஒரே மாதிரி சொற்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. காதில் விழாவிட்டால், விளங்காவிட்டால், “ஸே அகெய்ன்” என்று சொல்லவேண்டும். “மறுபடி சொல்” என்பதுதான் அதன் பொருள். “பயப்படுகிறேன்” கிடையாது, “மன்னிக்கவேண்டும்” கிடையாது. பத்துத் தடவை கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

“ரிபீட்” என்றாலும் அதே பொருள்தானே என்று கேட்கலாம். ராணுவ வயர்லெஸில் அதைச் சொல்லிவிடக்கூடாது. பீரங்கிப் படைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால், முன்பு சுட்ட இடத்திலேயே இன்னொரு தடவை குண்டு போடு என்று அர்த்தம்!