உயர்த்திய ஜீப்புக்கு எந்த ஸ்டியரிங் செட்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் பழைய டிபென்டர், ஹைலக்ஸ் டபள் கெப், ஜிம்னி போன்றவற்றின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. வாங்கியவர் சும்மா விடுவாரா? சபாரி ஓடுபவரும், வயல் காணிக்குப் போய் வருபவரும் ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துகிறார்கள், பெரிய டயர் போடுகிறார்கள். அடுத்த மாதமே கடை வாசலில் வந்து நிற்கிறார்கள்: "காக்கா, ஸ்டியரிங் ஆடுது. நல்ல தடிச்ச ரொட் செட் ஒன்று தாங்க."

வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் இந்த வாரம் இதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கும், இந்தச் சாமான் விற்கும் நண்பர்களுக்கும் இரண்டு பேருக்குமே இது தேவை. ஏனென்றால் தடித்த ரொட் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது தடித்த ரொட் அல்ல. உயர்த்திய வாகனத்தின் வருத்தம் பெரும்பாலும் பலக்குறைவினால் வருவதல்ல, கோணம் கெட்டதனால் வருவது.

எப்படி என்று பார்ப்போம். ஸ்டியரிங் பொக்ஸ் செசியில் இருக்கிறது. சில்லும் எக்சலும் கீழே இருக்கின்றன. பொக்ஸின் பிட்மன் ஆர்மிலிருந்து சில்லின் நக்கிளுக்குப் போகும் நீளமான ரொட்டைத்தான் டிராக் லிங்க் என்கிறோம். கம்பனியில் செய்யும்போது இதைக் கூடியவரை படுக்கையாகவே வைத்திருப்பார்கள். செசியை உயர்த்தியதும் பொக்ஸ் மேலே போகிறது, எக்சல் கீழேயே நிற்கிறது, ரொட் சரிந்துவிடுகிறது.

சரிந்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராக் லிங்கின் நீளம் 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது படுக்கையாக இருக்கும்போது சில்லு ஒரு கல்லில் ஏறி 50 மில்லிமீட்டர் உயர்ந்தால், ரொட்டின் குறுக்கு நீளம் மாறுவது 1.4 மில்லிமீட்டர் மட்டுமே. அதே ரொட் ஏற்கனவே 100 மில்லிமீட்டர் சரிந்து நின்றால், சில்லு ஒரு குழியில் 50 மில்லிமீட்டர் இறங்கும்போது 7 மில்லிமீட்டர் மாறும். ஐந்து மடங்கு! நக்கிளின் ஆர்ம் 150 மில்லிமீட்டர் நீளம் என்றால், அந்த 7 மில்லிமீட்டர் சில்லை இரண்டரை பாகைக்கும் மேலாகத் திருப்பப் போதும். நீங்கள் கையை அசைக்கவில்லை, வாகனம் தானாகத் திரும்புகிறது. இந்த இடத்தில் இரண்டு மடங்கு தடித்த ரொட்டைப் போட்டாலும் அதே 7 மில்லிமீட்டர்தான்.

கொயில் ஸ்பிரிங் வாகனங்களில் இதைச் சரிக்கட்ட இன்னொரு ரொட் இருக்கிறது. எக்சல் இடம் வலமாக நகராமல் பிடிக்கும் பனார்ட் ரொட்தான் அது. டிபென்டரிலும் ஜிம்னியிலும் உண்டு. டிராக் லிங்கும் பனார்டும் ஒரே சரிவில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால், எக்சல் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே டிராக் லிங்கும் நகரும். சில்லு திரும்பாது. ஆகவே முக்கியமான கேள்வி ரொட் எவ்வளவு தடிப்பு என்பதல்ல, இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கின்றனவா என்பதுதான். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன்னால் குந்தி இருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். காசு செலவில்லை.

இதைப் பார்க்காமல் பலர் செய்யும் வேலை, கீழே வளைந்த பிட்மன் ஆர்ம் ஒன்றை வாங்கிப் போடுவது. அது டிராக் லிங்கின் மேல் முனையைக் கீழே இறக்கிப் படுக்கையாக்கும், உண்மைதான். ஆனால் பனார்ட் பழைய சரிவிலேயே நின்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடும். முன்பைவிட மோசமாக ஓடும். பனார்டின் செசிப் பக்கத்துப் பிரக்கட்டையும் அதே அளவு இறக்கினால்தான் இது வேலை செய்யும். ஆர்ம் தாழத் தாழ பொக்ஸின் ஷாப்டை வளைக்கும் சுமை கூடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மறு வழி, கீழ் முனையை உயர்த்துவது. அதாவது டை ரொட் எண்டை நக்கிளின் கீழிருந்து ஏற்றுவதற்குப் பதிலாக மேலிருந்து மாட்டி, எக்சலிலுள்ள பனார்ட் பிரக்கட்டையும் உயர்த்துவது. அதற்கு நக்கிளின் துளையைச் சரியான டேப்பருக்குச் சீவ வேண்டும் அல்லது புஷ் போட வேண்டும். நல்ல லேத் வேலைக்காரர் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

அடுத்தது காஸ்டர். சில்லு திரும்பும் அச்சு சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதனால்தான் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது. டிபென்டரில் கம்பனிக் கணக்கு 3 பாகை. இரண்டு அங்குலம் உயர்த்தினால் எக்சல் முன்பக்கமாகச் சுழன்று, இதில் பெரும் பங்கு போய்விடும். பிறகு நெடுஞ்சாலையில் வாகனம் அலையும், கையை விட்டால் எங்கோ போகும். இதற்கு மருந்து காஸ்டர் திருத்திய ரேடியஸ் ஆர்ம், அல்லது திருத்திய புஷ். எந்த ஸ்டியரிங் செட்டாலும் இந்த வருத்தம் தீராது. செலவிட இருப்பது ஒரு தொகைதான் என்றால் முதலில் இதற்குச் செலவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

பழைய ஹைலக்ஸ் கதை வேறு. 1988 முதல் 1997 வரை வந்த, முன்பக்கம் லீப் ஸ்பிரிங் உள்ள எல்என் 106 ரகத்தில் பனார்ட் கிடையாது. டிராக் லிங்க் குறுக்கே போகாமல் செசியோடு முன் பின்னாக ஓடி, ஒரு பக்க நக்கிளைத் தள்ளி இழுக்கிறது. உயர்த்தியதும் அது செங்குத்தாகி, பிரேக் அடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் பாயும். இதற்கு முறையான தீர்வு, பொக்ஸை மாற்றி, நக்கிளின் மேலே ஆர்ம் வைத்து, லிங்கைக் குறுக்கே கொண்டுபோவது. பெரிய வேலை, பெரிய செலவு. மூன்று அங்குலத்துக்கு மேல் உயர்த்துபவர் மட்டும் யோசிக்க வேண்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் விலை பேசி வாங்கும் அமெரிக்கச் செட்டுகள் இடப்பக்க ஸ்டியரிங்குக்குச் செய்தவை. நம் வாகனங்கள் வலப்பக்கம். பிரக்கட்டும் பொக்ஸும் மாறி வந்தால் அவற்றைத் திருப்பிப் போட முடியாது, அனுப்பும் கூலியில் பாதி இலாபம் போய்விடும். வலப்பக்க ஸ்டியரிங் ஓடும் அவுஸ்திரேலியாவில் செய்தவற்றைத் தேடுவதே புத்தி.

வீகோ, அதற்குப் பிந்திய ரெவோ போன்ற கெப் வாகனங்களில் முன் எக்சல் ஒரே கட்டையாக இல்லை, ரெக் ஸ்டியரிங். மேலே சொன்ன எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் எக்சல் ஜொயின்டும் டை ரொட் எண்டும் எல்லையில் நின்று சீக்கிரம் தேயும்.

இனி நடுக்கம். ஒரு குழியில் விழுந்தவுடன் முன்பக்கம் முழுவதும் பேய் பிடித்தது போல் ஆடுவது. ஸ்டியரிங் டாம்பரை மாற்றினால் போய்விடும் என்று விற்கிறார்கள். சில வாரங்களுக்குப் போகத்தான் செய்யும். திஸ்ஸமஹாராமப் பக்கம் சபாரி ஓடும் ஒரு சகோதரர் வேறொரு கடையில் இரண்டு தடவை டாம்பர் வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். பனார்டின் போல்ட் துளை தேய்ந்து முட்டை வடிவமாகி இருந்தது. துளையைச் சரிசெய்து சரியான அளவு போல்ட் போட்டதும் ஆட்டம் நின்றது. பின்னால் ஆறு உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் வாகனம் அது! ஆகவே டாம்பர் கேட்டு வருபவரிடம் பனார்ட் புஷ், போல்ட், போல் ஜொயின்ட், சில்லு பெயாரிங், டயர் பெலன்ஸ் எல்லாம் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். ஜிம்னி என்றால் கிங்பின் பெயாரிங்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, தடித்த ரொட் எப்போது தேவை? கல்லிலும் மரக்கட்டையிலும் அடிபட்டு ரொட் வளையும் வேலை செய்பவருக்குத் தேவை. 33 அங்குல டயருக்கு மேல் போடுபவருக்கும் தேவை. அப்போது 1.25 அங்குல வெளி விட்டமும் கால் அங்குலச் சுவரும் உள்ள தையலில்லாத இரும்புக் குழாய் ரொட் போதும். வளைந்ததைச் சூடாக்கி நேராக்கித் தரும் கராஜும், தண்ணீர்க் குழாயில் நட் வெல்ட் பண்ணித் தரும் கராஜும் இருக்கின்றன. அவர்களிடம் போகவே வேண்டாம். ஓட்டத்தில் வெல்டிங் விட்டுப்போனால் ஸ்டியரிங் கையில், வாகனம் பள்ளத்தில்.

முனைக்கு என்ன போடுவது என்பதிலும் ஒரு மோகம் இருக்கிறது. பந்தய வாகனங்களில் வரும் திறந்த ரொட் எண்ட் பார்க்க அழகு. ஆனால் நம் சேற்றுக்கும் கடற்கரை மணலுக்கும் அது தாங்காது, சில மாதங்களில் கடகடக்கத் தொடங்கும். இறப்பர் மூடியும் கிரீஸ் நிப்பிளும் உள்ள சாதாரண டை ரொட் எண்ட்தான் வீதியில் ஓடும் வாகனத்துக்கு உகந்தது. வியாபாரிக்கும் அதுவே நல்லது. முழுச் செட் இறக்கி அலுமாரியில் வைத்தால் முதல் அடைபட்டுக் கிடக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது அப்படி ஸ்டொக் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்பது வேறு விடயம், எல்லா வருடமும் அது நடக்காது. டை ரொட் எண்ட், பனார்ட் புஷ், காஸ்டர் புஷ் மூன்றும் மாதா மாதம் கை மாறும் சாமான்.

வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதாகத் திருப்பி, பிரேக் ஹோசில் இழுவை இருக்கிறதா, லிங்க் எங்கும் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீல் எலைன்மென்ட். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டையும் மீண்டும் முறுக்கி, கோட்டர் பின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, பதிலைக் கோப்பில் போட்டுவைக்கட்டும்.